லோஷன் பாட்டிலும் உப்பு ஜாடியும்

கர்ப்பம் உறுதியான வாரத்திலேயே இப்போதெல்லாம் பல வீடுகளில் குளியலறை அலமாரி காலியாகிவிடுகிறது. ஷாம்பு, லோஷன், முகத்துக்குப் பூசும் கிரீம் எல்லாம் குப்பைக்கோ, வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் பைக்கோ போய்ச் சேரும். (அந்த அக்காவுக்கும் ஒரு மகள் இருப்பாள், அவளும் கர்ப்பமாகலாம் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.) காலியான இடத்தில் ‘பாராபென் இல்லாதது’ என்று பச்சை எழுத்தில் அச்சிட்ட விலை கூடிய பாட்டில்கள் வந்து உட்காரும்.

மீத்தைல், எத்தில், புரோப்பைல், பியூட்டைல் என்று அடைமொழிகளோடு வரும் ஒரு ரசாயனக் குடும்பத்தின் பெயர் பாராபென். தண்ணீர் கலந்த கிரீமில் பூஞ்சையும் பாக்டீரியாவும் சுலபமாகக் குடியேறிவிடும். அதைத் தடுக்கத்தான் ஏறக்குறைய நூறு வருடமாக இவற்றைச் சேர்க்கிறார்கள். அழகு சாதனங்களில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். நெஞ்செரிச்சலுக்கு டாக்டர் எழுதித் தரும் சிரப் பாட்டிலின் பின்பக்கத்தையும் படித்துப் பாருங்கள். லோஷனைத் தூக்கி எறிந்தவர்கள் பலர் பாராபென்னை மூன்று வேளையும் குடித்துக்கொண்டிருப்பார்கள். அதற்காக சிரப்பை நிறுத்தச் சொல்லவில்லை.

பயம் பெரிதாகப் பற்றிக்கொண்டது 2004-ல். இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழகத்தில் ஃபிலிப்பா டார்ப்ரேயின் குழு, 20 மார்பகக் கட்டிகளின் திசுக்களைப் பரிசோதித்து அவற்றில் பாராபென் இருப்பதாக எழுதியது. புற்றுநோய்க்குக் காரணம் அதுதான் என்று அந்தக் கட்டுரை சொல்லவில்லை. நோயில்லாத திசுவோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. ஆனால் உலகம் படித்தது தலைப்பை மட்டும்தான்.

பாராபென் தைராய்டைப் பாதிக்குமா என்ற கேள்வி அதற்குப் பிறகு வந்தது. அது நியாயமான கேள்வி. கருவின் தைராய்டு ஹார்மோன் சுரக்கத் தொடங்கவே சுமார் பன்னிரண்டு வாரம் ஆகும். தன் தேவைக்குத் தானே சுரந்துகொள்ள ஐந்தாவது மாதம் ஆகிவிடும். அதுவரை குழந்தையின் மூளை வளர்வது தாயின் தைராக்ஸின் என்ற தைராய்டு ஹார்மோனை நம்பித்தான். இதற்காகத் தாயின் சுரப்பி வழக்கத்தைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு உழைக்க வேண்டியிருக்கிறது. 1999-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஹேடோ குழு வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தின்போது தைராய்டு குறைபாடு இருந்தும் சிகிச்சை பெறாத தாய்மார்களின் குழந்தைகள், ஏழு முதல் ஒன்பது வயதில், நுண்ணறிவுச் சோதனையில் சராசரியாக 7 புள்ளிகள் பின்தங்கியிருந்தார்கள். லேசான குறைபாட்டுக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்த பிந்தைய ஆய்வுகளில் எதிர்பார்த்த பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் கர்ப்பகாலத்தில் தைராய்டை அலட்சியம் செய்யக் கூடாது என்பதில் டாக்டர்களிடையே தகராறு இல்லை.

அப்படிப்பட்ட நேரத்தில் தோல் வழியாகவும் வாய் வழியாகவும் உள்ளே போகும் ரசாயனம் இந்தச் சுரப்பியைத் தொந்தரவு செய்யுமா? குறைப்பிரசவம் அதிகமாக இருந்த புவேர்ட்டோ ரிக்கோ தீவில் ‘புரொடெக்ட்’ என்ற பெயரில் ஒரு நீண்ட ஆய்வு நடக்கிறது. ஒரே பெண்ணிடம் கர்ப்பகாலத்தில் பலமுறை சிறுநீரும் ரத்தமும் எடுத்து, பாராபென் அளவையும் ஹார்மோன் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சில பாராபென்களுக்கும் தைராய்டு ஹார்மோன்களுக்கும் தொடர்பு தெரிந்தது. ஆனால் மாற்றங்கள் சிறியவை. ஓர் ஆய்வில் ஏறுவது இன்னொன்றில் இறங்குகிறது. எந்த மாதத்தில் எடுத்த மாதிரி என்பதைப் பொறுத்தும் மாறுகிறது.

இதில் வியப்பில்லை. பாராபென் உடம்பில் தங்குவது சில மணி நேரம்தான். காலையில் பூசியது மறுநாளைக்குள் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். தைராய்டு எண்களோ கர்ப்பத்தில் தாமாகவே ஆடும். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.ஹெச். முதல் மூன்று மாதத்தில் இறங்குவது இயல்பு. ஓடுகிற ஆட்டுக்கு ஓடிக்கொண்டே கயிறு போடுகிற வேலை இது. ‘பாராபென் தைராய்டைக் கெடுக்கிறது’ என்று இன்றைக்கு யாராவது அடித்துச் சொன்னால் அவர் கையில் அதற்கான ஆதாரம் இல்லை. சந்தேகத்துக்கு இடமே இல்லை என்று சொல்பவர் கையிலும் இல்லை.

குறைக்க முடியுமா என்றால், முடியும். கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியைச் சேர்ந்த 100 பதின்பருவப் பெண்களிடம் மூன்றே நாள் வேறு ஷாம்பு, வேறு மேக்கப், வேறு சோப்பு கொடுத்துப் பார்த்தார்கள். 2016-ல் வெளிவந்த முடிவு: சிறுநீரில் மீத்தைல், புரோப்பைல் பாராபென்கள் சுமார் 45 சதவீதம் குறைந்தன. வேடிக்கை என்னவென்றால் எத்தில், பியூட்டைல் பாராபென்கள் கூடிவிட்டன. ஆராய்ச்சியாளர்களே லேபிளைப் படித்துத் தேர்ந்தெடுத்த பொருட்கள் அவை.

பாராபென்னுக்குப் பதிலாக வருவதும் சாமியார் இல்லை. மீத்தைல்ஐசோதயசோலினோன் என்ற பிரிசர்வேட்டிவ் அதன் இடத்தில் பரவியபோது ஐரோப்பா முழுக்கத் தோல் ஒவ்வாமை கிளம்பியது. அமெரிக்கத் தோல் அழற்சி மருத்துவர்கள் சங்கம் 2013-ல் அதை ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ ஆக்கியது. அதே சங்கம் 2019-ல் பாராபென்னை ஒவ்வாமை தராத பொருளாக அறிவித்தது. ‘இல்லாதது’ என்று முன்பக்கம் சொல்லும் பாட்டில், இருப்பது என்ன என்பதைப் பின்பக்கம் பொடி எழுத்தில் வைத்திருக்கிறது.

எனக்கு இதில் பிடித்த முன்மாதிரி டென்மார்க். 2011-லேயே மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொருட்களில் புரோப்பைல், பியூட்டைல் பாராபென்களைத் தடை செய்துவிட்டது. பிறகு ஐரோப்பிய ஒன்றியம் ஐந்து வகைப் பாராபென்களை அடியோடு விலக்கி, புரோப்பைல், பியூட்டைலுக்கு 0.14 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. மசக்கையில் தலை சுற்றும் பெண் கடையில் பூதக்கண்ணாடியோடு நிற்பதைவிட, அரசாங்கம் அந்த வேலையைச் செய்வதுதான் முறை.

என் அக்கா மகளுக்கு இப்போது நான்காவது மாதம். “சித்தி, இதுல மீத்தைல்பாராபென்னு போட்டிருக்கு, பரவாயில்லையா?” என்று போட்டோ அனுப்பிக் கேட்பாள். ஒருநாள், “சமையலுக்கு என்ன உப்பும்மா போடறே?” என்று நான் கேட்டேன். “இந்துப்புதான் சித்தி. அத்தையே தேடி வாங்கிட்டு வந்தாங்க, கெமிக்கலே இல்லாததுன்னு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தைராக்ஸின் செய்ய அயோடின் வேண்டும். சாதாரணமாக ஒருவருக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம். கர்ப்பிணிக்கு 250 என்கிறது உலக சுகாதார நிறுவனம். மீன், முட்டை, பாலில் கொஞ்சம் கிடைக்கும். மீதிக்கு நமக்கு வழி அயோடின் கலந்த உப்புதான். வீட்டுக்கு வரும்போது அதில் கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. தனியாகச் சேர்க்காத இந்துப்பில் பேருக்குக்கூட அவ்வளவு கிடையாது. பாராபென் தைராய்டை என்ன செய்கிறது என்பதற்கு ஆராய்ச்சி நடக்கிறது. அயோடின் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆராய்ச்சி நடந்து முடிந்து பல காலம் ஆயிற்று.

இது ஒரு வீட்டுக் கதையும் அல்ல. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்து அதிக உப்பு விளைவது நம் தமிழ்நாட்டில். தூத்துக்குடி உப்பளங்களைத் தெரியாதவர் யார்? ஆனால் 2018-19-ல் நடந்த தேசிய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் கணக்கில் தமிழ்நாடுதான் கடைசி. நாட்டின் சராசரி 76 சதவீதம், நமக்கு 62. மூட்டையில் வரும் கல்லுப்பு, அதைக் கழுவிப் போடும் பழக்கம், அடுப்பு ஓரத்தில் திறந்தே கிடக்கும் ஜாடி என்று ஏற்கெனவே ஆயிரம் ஓட்டை. இப்போது படித்தவர்கள் வீட்டில் இந்துப்பும் சேர்ந்துகொண்டது. இதைப் படித்துவிட்டு யாரும் கடற்பாசி மாத்திரைக்கு ஓட வேண்டாம். அயோடின் மிதமிஞ்சினாலும் சுரப்பி முரண்டு பிடிக்கும்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் விஷயம் இன்னொன்று. தைராக்ஸினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் அதற்கு நான்கு மணி நேரம் தள்ளித்தான். சேர்த்துப் போட்டால் தைராக்ஸின் குடலிலேயே பிடிபட்டு, ரத்தத்துக்குச் சரியாகப் போய்ச் சேராது. மூன்றையும் ஒரே கையில் வாங்கி ஒரே வாயில் போட்டுக்கொள்ளும் பெண்களை எந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலும் பார்க்கலாம். சீட்டில் ‘காலை’ என்றுதான் எழுதியிருக்கும். எத்தனை மணிக்கு எது என்று மருந்து கொடுக்கிற ஜன்னலிலேயே கேட்டு, அட்டையின் மேல் பேனாவால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.