புகை போச்சு, நச்சு போகலையே! அமெரிக்க டீசல் டிரக் ‘டியூனிங்’கில் என்ன நடக்கிறது?

பிக்-அப் டிரக்கின் ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தால், பின்னால் வருபவருக்கு ரோடே தெரியாத அளவுக்குக் கரும்புகை. அமெரிக்காவில் இதற்கு ‘ரோலிங் கோல்’ என்று பெயர். ஒரு கூட்டத்துக்கு இது கெத்து. ஆனால், இன்ஜின் தெரிந்த மெக்கானிக்கைக் கேட்டால் சிரிப்பார். அது பாதி எரிந்து வீணாகப் போகிற டீசல், அவ்வளவுதான்.

1 கிலோ டீசல் முழுதாக எரிய சுமார் 14.5 கிலோ காற்று வேண்டும். சிலிண்டருக்குள் இரண்டும் சீராகக் கலக்க நேரம் கிடையாது என்பதால், நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே காற்று தேவை. சிக்கல் என்னவென்றால், மிதித்த உடனே டீசல் பாய்ந்துவிடும். டர்போ வேகமெடுத்துக் காற்றைத் தள்ளக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில்தான் புகை.

கம்பெனியிலிருந்து வரும்போதே இதற்கு ஒரு பூட்டு இருக்கும். 1994-98 டாட்ஜ் ராம் டிரக்குகளின் கம்மின்ஸ் இன்ஜினில், பாஷ் பம்ப்போடு சேர்ந்த ஒரு டயாஃப்ரம் அந்த வேலையைப் பார்க்கிறது. டர்போ அழுத்தம் ஏற ஏறத்தான் கூடுதல் டீசலை விடும். புது வண்டிகளில் இதையே சாஃப்ட்வேர் செய்கிறது. பவருக்காக இதைத் தளர்த்துபவர்கள்தான் புகையைக் கிளப்புகிறார்கள். நல்ல டியூனர் இதைத் திரும்ப இறுக்குவார், சீக்கிரம் வேகமெடுக்கும் டர்போவைப் போடுவார், டீசல் பீய்ச்சும் நேரத்தைச் சற்று முன்னுக்கு நகர்த்துவார். புகை அடங்கிவிடும்.

அப்போ வண்டி சுத்தமாகிவிட்டதா? இல்லை. டீசலை முன்னதாகப் பீய்ச்சினால் எரியும் வெப்பம் கூடும். கூடவே நைட்ரஜன் ஆக்சைடும் கூடும். ஓசோன் மாசுக்கும் ஆஸ்துமா தொல்லைக்கும் காரணமான இந்த வாயு, கரும்புகை மாதிரி கண்ணில் படாது. நம்மூரில் டீசல் வண்டிக்கு பியுசி எடுக்கும்போதும் அளப்பது புகையின் அடர்த்தியைத்தான்!

இதைக் கட்டுப்படுத்தும் கருவிகளையே கழற்றி எறிவதுதான் ‘டிலீட்’. பத்தாண்டுகளில் 5.5 லட்சத்துக்கும் அதிகமான டீசல் பிக்-அப்களில் இப்படி நடந்திருக்கிறது என 2020-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்கிட்டது. அவற்றின் ஆயுளில் கூடுதலாக வெளியேறும் நைட்ரஜன் ஆக்சைடு 5.7 லட்சம் டன். துகள் மாசு 5,000 டன். கண்ணுக்குத் தெரிவதைவிடத் தெரியாதது நூறு மடங்குக்கும் மேல்.

பட்டறைக்காரர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 2013-19 மாடல் ராம் டிரக்குகள் சுமார் 6.3 லட்சத்தில் மாசுக் கட்டுப்பாட்டை ஏய்க்கும் சாஃப்ட்வேர் இருந்ததாகக் கம்மின்ஸ் நிறுவனத்தின் மீதே குற்றச்சாட்டு வந்தது. தவறை ஒப்புக்கொள்ளாமலேயே 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட 2023 டிசம்பரில் அது சம்மதித்தது.

டிலீட் செய்கிற எல்லோரும் கெத்துக்காகச் செய்வதில்லை. மாசைக் குறைக்க ஊற்றும் யூரியா திரவத்தின் சென்சார் பழுதானால்கூட சில டிரக்குகளின் வேகம் மணிக்கு 8 கி.மீ. வரை இறங்கிவிடும். சரக்கோடு நடுரோட்டில் நிற்பவருக்கு, கருவியைக் கழற்றித் தருகிற பட்டறை தெய்வமாகத்தான் தெரியும். வண்டி திடீரென முடங்காதபடி சாஃப்ட்வேரை மாற்றுமாறு 2025 ஆகஸ்ட்டில்தான் தயாரிப்பாளர்களை அந்த முகமை கேட்டுக்கொண்டது.