நந்தினியின் வஞ்சினமும் உடையார்குடிக் கல்லும்

கல்கி கிருட்டிணமூர்த்தி 1950 முதல் 1954 வரை தம் கிழமையிதழில் தொடர்ந்தெழுதிய 'பொன்னியின் செல்வன்' புதினத்தைத் தனித்தமிழன்பர் சிலர் கையாலும் தொடுவதில்லை. அதன் நடையில் வடசொற்கள் மலிந்து கிடப்பது உண்மையே. அதன்பொருட்டுப் பழுவூர் இளையராணி நந்தினியைப் படித்துச் சுவையாதிருப்பின் இழப்பு நமக்கே என்பேன்.

பெயர்தான் வடசொல்; அவள் உள்ளமோ முழுத்தமிழ். புண்பட்டுக் குடிலிற் கிடந்த வீரபாண்டியனின் உயிருக்காக அவள் இரந்து நிற்கிறாள். ஆதித்த கரிகாலன் செவிசாயாது அவன் தலையைக் கொய்கிறான். அன்று தொட்டுப் பழி ஒன்றே அவளுக்கு மூச்சு. முதியவரை மணக்கிறாள்; அவர் பெருஞ்செல்வாக்கைத் தன் கருவியாக்குகிறாள். திருப்புறம்பயம் பள்ளிப்படையில் நள்ளிரவில் ஒரு சிறுவனைப் பாண்டிய மன்னனாக அமர்த்தி, அவன் முன்னே வஞ்சினம் கூறுகிறாள். அவ்விடத்தை ஒருமுறை படித்து நிறுத்தியவர் எவரேனும் உளரோ?

இரக்கமற்ற ஒருத்தியை இங்ஙனம் விரும்பிப் படித்தல் தகுமா எனக் கேட்பாருண்டு. தகும். வஞ்சினம் நமக்குப் புதிதன்று. புறத்துறைகளுள் வஞ்சினக்காஞ்சி ஒன்று. இளங்கோவடிகள் ஒரு காதைக்கே வஞ்சினமாலை எனப் பெயரிட்டார். மதுரையை எரியூட்டியவளைக் கொடியவள் என்று நாம் தூற்றினோமா? கோட்டம் எடுத்து வழிபட்டோம். நந்தினிக்கோ அப்பேறு இல்லை. புதினத்து மாந்தர் பலர் அவளை அச்சத்தோடும் ஐயத்தோடுமே நோக்குகின்றனர். எழ மாட்டாது கிடந்தவனைக் கொன்றவனோ வீரன்! பாண்டியன் தலைகொண்டவன் என்று கல்வெட்டுகளும் அவனைப் பாராட்டுகின்றன. எனினும், அச்செயல் கரிகாலன் நெஞ்சை அரித்துத் தின்பதையும் கல்கி மறையாது காட்டினார். அவ்வளவில் அவரைப் போற்றலாம்.

என் மனக்குறை வேறு. 2022, 2023ஆம் ஆண்டுகளில் இப்புதினம் இருபகுதித் திரைப்படமாக வந்தபின், கரிகாலனைக் கொன்றவள் நந்தினியே என இங்கே நெமிலிச்சேரியில் படித்தவரும் வரலாறாகவே பேசுகின்றனர். புதினத்திலேயே கொன்றவர் யாரென்பது தெளிவுறச் சொல்லப்படவில்லை. நந்தினியோ கல்கியின் புனைவு. ஆனால், காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிற் கல்வெட்டு, இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டினது, பெயர்களை வெளிப்படக் கூறுகிறது: சோமன், அவன் உடன்பிறந்த இரவிதாசனாகிய பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனாகிய இருமுடிச்சோழப் பிரமாதிராசன். இவர்கள் கரிகாலனைக் கொன்ற இரண்டகர் என்கிறது அக்கல். இவர்தம் நிலங்களும் உறவினர் நிலங்களும் பறிக்கப்பட்டன. பிரமாதிராசன் என்பது தெருவில் திரிந்தவன் பெயரன்று. அரசு அளித்த உயர்பட்டம். பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல் என்பதையும் நினைவிற் கொள்க. பட்டம் தாங்கிய ஆடவர் செய்த கொலை, இல்லாத ஒரு பெண்ணின் தலையில் ஏற்றப்பட்டுவிட்டது. இரவிதாசன் புதினத்திலும் வருகிறான்; ஆயினும் ஊர் வாயில் நிற்பது நந்தினி பெயரே.

புதினத்தைப் படிப்போர் உடையார்குடிக்கும் ஒருமுறை சென்று வருக. கதை தொடங்கும் வீரநாராயண ஏரி அருகேதான் உள்ளது. 2004 முதல் அவ்வேரி நீரைத்தான் குழாய்வழியே சென்னைக்குக் கொணர்கின்றனர்.