பூனைக்கும் நீரிழிவு

மனிதரை வாட்டும் நீரிழிவு பூனைக்கும் வருவதுண்டு. 1921இல் கனடாவின் டொரன்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்போர் பிரித்தெடுத்த இன்சுலினே அதற்கும் மருந்து. கிரானில் நாம் வளர்க்கும் பூனைக்கு 12 மணிக்கொருமுறை அதனை ஏற்றி வருகிறோம்.

ஒருநாள் காலை அது மீனை முகர்ந்துவிட்டு அகன்றது. நாமோ கடிகாரத்தை மட்டும் பார்த்து, வழக்கமான அளவை ஏற்றிவிட்டோம். சில மணி நேரத்தில் அது தள்ளாடி விழுந்தது. ஈறுகளில் தேன் தடவி, மிருக வைத்தியரிடம் விரைந்தோம், பிழைத்துக்கொண்டது.

முதலில் உணவு, பின்னரே ஊசி. உண்ணாவிடில் வைத்தியரைக் கேட்டே அளவு. மில்லிலீற்றருக்கு 40 அலகு மருந்துக்கான ஊசிக்குழலில் 100 அலகு மருந்தை அதே கோடுவரை எடுத்தால் இரண்டரை மடங்காகிவிடும். அன்பு மட்டும் போதாது, வாசகர்களே, அவதானமும் வேண்டும்.