மாண்டார் வீட்டுத் தையற்பெட்டி

ஒருவர் மாண்டபின் அவருடைய நிலத்துக்கும் வீட்டுக்கும் உரிமை கூறுவார் பலர். நகைக்கும் வெள்ளிப் பாத்திரத்துக்கும் அவ்வாறே. அவர் நாற்பதாண்டு கையாண்ட தையற்பெட்டிக்கு உரிமை கூறி நியாயஸ்தலம் ஏறியவரை நாம் கேட்டதில்லை. அப்பெட்டி பின்னர் யாதாகின்றது என்பதைப்பற்றிச் சில கூறுவதே இவ்வியாசத்தின் நோக்கம். தையல் பெண்டிர்க்குரிய அற்ப விஷயமென்றெண்ணி இப்பக்கத்தைப் புரட்ட முற்படும் மாணவர், தாம் அணிந்திருக்கும் சட்டையின் கழுத்துப்பட்டியை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு மேலே வாசிப்பாராக.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 'எஸ்டேட் சேல்' என்றொரு வழக்கம் உண்டு. எஸ்டேட் என்றவுடன் தேயிலைத் தோட்டத்தை நினைக்கவேண்டா. ஈண்டு அச்சொல் மாண்டவர் விட்டுச்சென்ற உடைமையைக் குறிக்கும். வீட்டுக்குடையவர் இறந்தாலும், முதுமையால் சிறு வீட்டுக்கோ முதியோர் விடுதிக்கோ குடிபெயர்ந்தாலும், மக்கள் தமக்கு வேண்டியவற்றை எடுத்துக்கொண்டு எஞ்சியவற்றை அவ்வீட்டிலேயே விற்கின்றனர். இதனைத் தொழிலாகவுடைய நிறுவனத்தார் தரகு பேசிக்கொண்டு, பொருள்தோறும் விலைச்சீட்டு ஒட்டி, பெரும்பாலும் வெள்ளி முதல் ஞாயிறு வரை கதவைத் திறந்து வைப்பர். முதல் நாள் விடியற்காலையிலேயே வியாபாரிகள் வரிசையில் நிற்பர். கடைசி நாளில் எஞ்சியவை பாதி விலைக்குப் போம். அன்னியர் பலர் படுக்கையறைமுதல் சமையலறைவரை நடந்து, அலமாரியைத் திறந்து, போர்வையை உதறிப் பார்ப்பது நம்மனோர்க்குக் கூச்சந் தருவதாகவே இருக்கும். ஆயினும் அவ்வீட்டின் ஒரு மூலையறையில், ஓர் அம்மையார் ஆயுள்முழுதும் சேர்த்துவைத்த துணியும் நூலும் ஊசியும் பொத்தானும் அவர் வைத்தது வைத்தபடி இருப்பதை வேறெங்கும் காணல் அரிது.

அங்கே பலரும் முதலில் தேடுவது தையல் இயந்திரத்தையே. அவற்றுள்ளும் 1933-ஆம் ஆண்டு தொடங்கிச் சிங்கர் கம்பெனியார் செய்து விற்ற 'பெதர்வெயிட்' என்னும் சிறு இயந்திரத்துக்குப் பெரும் போட்டி நிகழும். வார்ப்பு அலுமினியத்தாலாகிய அது 11 ராத்தல் நிறையே உள்ளது. பெட்டியிலிட்டு ஒரு கையால் தூக்கிச் செல்லலாம். இன்றும் பல நூறு டாலருக்கு விலைபோகின்றது. விற்போர் அதன் விலையை நன்கறிவராதலின் அதனை மலிவாகப் பெறுவோம் என்று நினைப்பது வீண். நமது அபிப்பிராயத்தில், வறியராகிய ஒரு மாணாக்கர்க்கு ஏற்றது அதன் அருகே தூசி படிந்து நிற்கும் பெரிய கறுப்பு இயந்திரமே. '15' என்னும் வகுப்பைச் சேர்ந்த சிங்கர் இயந்திரங்களைப் பார்த்து ஜப்பானியரும் இந்தியரும் பிறரும் பல்லாயிரக்கணக்கில் பிரதிசெய்தனர். அவற்றுக்குரிய ஊசியும் உறுப்புக்களும் இன்றும் சாதாரணக் கடையிற் கிடைக்கின்றன. அதற்கும் முற்பட்ட, படகு வடிவான ஷட்டிலை உடைய இயந்திரங்கள் பொன்னெழுத்தாலும் பூவேலையாலும் கண்ணைக் கவரும். அவற்றை வாங்குமுன் ஊசிக்கருகேயுள்ள தகட்டைத் தள்ளி, உள்ளே ஷட்டில் இருக்கின்றதா என்று காண்க. முதலில் தொலைவது அதுவே. அஃதின்றேல் அவ்வியந்திரம் அலங்காரப் பொருளேயன்றி வேறன்று.

சக்கரம் சுழலவில்லை என்று கைவிடுதலும் வேண்டா. பழைய எண்ணெய் இறுகிப் பிசினானமையே பெரும்பாலும் அதன் காரணம்; தையல் எண்ணெயைச் சொட்டுச்சொட்டாக இட்டு இரண்டு நாள் பொறுத்தால் இளகும். மின்சாரக் கம்பியின் மேலுறை வெடித்திருப்பின் மட்டும், அதனை மாற்றும்வரை மின்சாரத்தோடு இணைத்தல் ஆகாது. இயந்திரத்தின் அடியிற் பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டால், சிங்கர் கம்பெனியின் பதிவுகளைக் கொண்டு அது எந்த ஆண்டில் எந்தத் தொழிற்சாலைக்கு ஒதுக்கப்பட்ட எண் என்பதை அறியலாம். ஸ்காத்லாந்து தேசத்துக் கிளைட்பேங்கில் 1980-ஆம் ஆண்டுவரை நடந்த பெருந்தொழிற்சாலையிலிருந்து வந்த இயந்திரங்கள் நம் நாட்டு வீடுகளிலும் பல உள.

நூலைப்பற்றி ஒரு சொல். மரக்கட்டையிற் சுற்றிய பழைய பருத்தி நூல் காட்சிக்கு அழகியது; ஒரு முழம் இழுத்துப் பார்த்தால் பட்டென்று அறுந்துவிடும். அத்தகைய நூலால் தைத்த ஆடை முதற் சலவையிலேயே தையல் விடும். கத்தரிக்கோலோ அவ்வாறன்று, நல்லெஃகாயின் சாணைபிடித்தால் புதியதே. காகிதத் தையல் மாதிரிகளை உறையோடு வாங்குவோர் துண்டுகளை எண்ணிப் பார்த்தல் நலம். ஒரு கைத்துண்டு குறைந்திருக்கும். ஊசி குத்தாதபடி விரலில் அணியும் அங்குஸ்தானில் 'தொற்காள்' என்னும் பெயர் பொறித்ததொன்று கிடைத்தால் விடாதீர். இங்கிலாந்தில் சார்லஸ் ஹார்னர் என்பார் 1884-ஆம் ஆண்டில் உரிமை பதிவுசெய்த அது, வெள்ளித் தகடுகளிரண்டின் நடுவே எஃகு வைத்துச் செய்யப்பட்டது. வெள்ளியின் அழகும் எஃகின் உறுதியும் ஒருங்கே உடையது. யோப்பா பட்டணத்துத் தொற்காள் இறந்தபோது விதவைகள் கூடி, அவள் தைத்த ஆடைகளை எடுத்துக் காட்டி அழுத வரலாறு நம் வாசகர் அறிந்ததே. இன்னது இன்னாள் தைத்தது என்று சொல்லுவதற்கு அங்கே ஆட்கள் இருந்தனர். இவ்விற்பனைகளில் இல்லாதது அஃதொன்றே. அதனைப்பற்றியே நாம் இவ்வளவும் எழுதத் துணிந்தோம்.

பெட்டியின் அடியில் நாம் காண்பது முடிவுறாத வேலை. குவில்ட் என்று வழங்கும் ஒட்டுத்துணிப் போர்வையின் மேற்பகுதி மட்டும் தைத்து மடித்திருக்கும். உள்ளே வைக்கும் பஞ்சும் அடித்துணியும் இரா. துண்டுகளை உற்று நோக்கினால் அக்குடும்பத்தின் கணக்குப்புத்தகம்போலத் தோன்றும். 1930-களின் பஞ்சகாலத்தில் மாவும் கோழித்தீவனமும் விற்ற வியாபாரிகள், பெண்டிர் சாக்கைக் கிழித்து ஆடை தைக்கின்றனர் என்றறிந்து, பூப்போட்ட பருத்திச் சாக்குகளில் அவற்றைக் கட்டி விற்றனர். கணவன் தீவனம் வாங்கப் போகும்போது இன்ன பூவுள்ள சாக்கையே வாங்கிவருக என்று மனைவி சொல்லியனுப்பும் வழக்கமும் இருந்தது. அச்சாக்குத் துணியும், மகனுடைய பழைய சட்டையும், மகளுடைய பாவாடையும் ஒருங்கே கலந்த இப்போர்வைக்கு விலைச்சீட்டில் 'பழைய துணி' என்றெழுதி, சிற்றுண்டிக்காகும் விலை குறித்திருப்பர். அதைத் தைத்தவர் பெயர் யாது என்று விற்பவரைக் கேட்டால், இவ்வீட்டுக் கிழவியாக இருக்கலாம் என்பார். தாயோ, மாமியாரோ, அண்டைவீட்டாரோ, யாரறிவார்?

இதற்கு மாறாக, 1807-ஆம் ஆண்டில் நியூஜெர்சி நாட்டுச் சிறுமியொருத்தி தைத்த துணி ஒன்று உண்டு. அக்காலத்துப் பெண்கள் எழுத்துக்களையும் எண்களையும் படங்களையும் நூலால் தைத்துப் பழகிய 'சாம்பிளர்' என்னும் வகையைச் சார்ந்தது அது. 2012-ஆம் ஆண்டு ஜனவரியில் நியூயார்க்கு ஏலத்தில் அது 10 லக்ஷம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. வேலையின் நேர்த்தி மெய்யே. ஆனால் அத்துணியில் மேரி ஆன்ட்ரிம் என்னும் பெயரும் ஆண்டும் இல்லாதிருப்பின் அவ்விலை வந்திருக்குமோ? பிரிஸ்டல் நகரத்தில் ஜார்ஜ் முல்லர் நிறுவிய அநாதசாலையின் பெண்கள், வெள்ளைத் துணியில் பெரும்பாலும் சிவப்பு நூலால் நெருக்கமாகத் தைத்த சாம்பிளர்களும் இக்காலத்தில் மிகுந்த விலை பெறுகின்றன. தாய்தந்தையற்ற அப்பெண்கள் வீட்டுவேலைக்குப் போகுமுன் தம் கைத்திறனுக்கு அத்தாட்சியாகவே அவற்றைத் தைத்தனர். பெயரோ பெயரின் முதலெழுத்தோ காணப்படும் துணியை இன்று ஆராய்வோர் அப்பெண்ணைப் பழைய பதிவேடுகளில் தேடுகின்றனர். இங்கிலாந்தின் பெட்போர்டு முதலிய இடங்களில் லேஸ் பின்னிய எளிய பெண்கள், நூல் சுற்றும் எலும்புக் கட்டைகளிலே தம் பெயரையும் அன்பர் பெயரையும் புள்ளிபுள்ளியாகப் பொறித்து வைத்தனர். பகிரங்கமாகத் தூக்கிலிடப்பட்டவன் பெயரைப் பொறித்த கட்டைகளும் உள. கொலைஞன் பெயர் நிலைத்தது. போர்வை தைத்த பாட்டியின் பெயர் நிலைக்கவில்லை.

ஆதலால் நாம் கூறுவது இது. இத்தகைய விற்பனையில் ஒருவர் பெறக்கூடிய அரும்பொருள் பெதர்வெயிட் இயந்திரமன்று, செய்தவரின் பெயரே. விலை கொடுக்குமுன் அதனைக் கேட்டு எழுதிக்கொள்ளல் வாங்குவோர் கடன். கேளாமுன் எழுதி வைத்தல் விற்போர் கடன். இது மிகையான எதிர்பார்ப்பன்று. அமெரிக்காவிலே கென்டக்கி நாட்டார் 1981-ஆம் ஆண்டில் தம் நாட்டுக் குவில்ட்டுகளைப் பதிவுசெய்யத் தொடங்கினர். மக்கள் தத்தம் வீட்டுப் போர்வையைக் கொண்டுவர, தைத்தவர் வரலாற்றைக் கேட்டு எழுதினர். அதைக்கண்டு ஏனை நாடுகளும் அவ்வாறே செய்தன. 2022-ஆம் ஆண்டில் தோன்றிய 'லூஸ் எண்ட்ஸ்' என்னும் சங்கத்தார், இறந்தோர் பாதியில் விட்டுச்சென்ற பின்னலையும் தையலையும் கூலியின்றி முடித்து அவர் குடும்பத்தாரிடமே கொடுக்கின்றனர்.

செத்தார் வீட்டுப் பொருளைச் சூழ்வது கழுகின் செயலன்றோ என்பாரும் உளர். வியாபாரிகள் சிலரைக் காணுங்கால் அவ்வாறு தோன்றுவது உண்மையே. நல்ல போர்வையை வெட்டி மேலங்கி தைப்பர். இயந்திரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு அதன் வார்ப்பிரும்புக் கால்களைமட்டும் மேசைக்கென்று விற்பர். சிங்கர் என்று பெயர் பொறித்த அக்கால்கள் நம் நாட்டு உணவு விடுதிகளிலும் காபி மேசையைத் தாங்கி நிற்பதை வாசகர் கண்டிருப்பர். ஆனால் வாங்குவாரின்றேல் அப்பொருள் குப்பைவண்டி ஏறுமேயன்றி மாண்டவரிடம் திரும்பிச் செல்லாது. அக்கத்தரிக்கோலை எடுத்துத் துணி வெட்டுகிறவள் கழுகல்லள்.

நம் நாட்டில் எஸ்டேட் சேல் இல்லை. பாட்டியின் இயந்திரம் சிலகாலம் மாடிப்படிக்கடியில் கிடந்து, பின்னர் காயலான் கடையில் நிறைகணக்கில் இரும்பாகப் போகின்றது. 1924-ஆம் ஆண்டில் இயந்திரங்களைப்பற்றி உரையாடிய காந்தியடிகள், உலகில் கண்டுபிடிக்கப்பட்ட சில பயனுள்ள பொருள்களுள் ஒன்றென்று சிங்கர் தையல் இயந்திரத்தை விலக்கிவைத்துப் பேசினார். தன் மனைவி கையால் தைத்து வருந்துவதைக் கண்டு இரங்கியே சிங்கர் அதனை உண்டாக்கினாரென்பது அடிகளின் கருத்து. சிங்கரின் இல்லற சரித்திரம் அவ்வளவு கனிவுடையதன்று. அதனை ஒரு கல்லூரிப் பத்திரிகையில் விரித்தெழுதல் ஆகாது. எவ்வாறாயினும், அடிகள் காப்பாற்றக் கருதிய அவ்வியந்திரத்தை நாம் இரும்பு விலைக்கு விடுகின்றோம்.

பெயரிழந்த கைவேலைக்கு எடுத்துக்காட்டாகக் கடல்கடந்து போகவும் வேண்டா. லண்டன் மிஷனைச் சார்ந்த சார்லஸ் மால்ட் என்பாரின் மனைவியார் மார்த்தா அம்மையார், 1820-களில் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். திண்டின்மேல் குத்திய குண்டூசிகளைச் சுற்றிக் கட்டைகளை மாற்றி மாற்றி இடும் அவ்வேலையில் நம் பெண்கள் தேர்ந்தனர். அடிமைக் குடும்பத்துப் பெண்கள் சிலர், லேஸ் விற்ற பணத்தைக் கொண்டு தம் விடுதலையைத் தாமே வாங்கிக்கொண்டனர் என மிஷன் வரலாறுகள் கூறும். திருவிதாங்கூரில் அடிமைத்தனம் சட்டத்தால் ஒழிந்தது 1855-ஆம் ஆண்டில். இப்பெண்கள் அதற்கு முன்னரே நூலிழையால் விலங்கறுத்தவர். மார்த்தா அம்மையாரின் மகளார் எலைசா, 1844-ஆம் ஆண்டில் கால்டுவெல் ஐயரை மணந்து, அத்தொழிலை இடையன்குடிக்குக் கொண்டுசென்றார். கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணம் 1856-ஆம் ஆண்டில் முகப்பில் அவர் பெயரோடு வெளிவந்தது. அம்மையாரிடம் கற்ற பெண்களின் லேஸ் கப்பலேறிச் சீமைக்குச் சென்றது; பின்னியவள் பெயர் அதனோடு செல்லவில்லை. அவற்றுட் சில, இன்றும் ஏதோ ஓர் ஆங்கில வீட்டுப் பேழையில் 'பழைய லேஸ்' என்னும் சீட்டோடு வாங்குவாரை எதிர்பார்த்துக் கிடத்தல் கூடும்.

கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ மாணவியர்க்கு ஒரு வேலை தருகின்றோம். அரைமணி நேரத்துக்குமேல் ஆகாது. வீட்டிலுள்ள பழைய தையல் இயந்திரத்தைத் துடைத்து அதன் எண்ணைக் குறிக்க. அதை முதலில் வாங்கியவர் யார், எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் யாருக்கு அதில் தைத்தார் என்பதைப் பாட்டியார் இருக்கும்போதே கேட்க. பாட்டியார் இல்லையேல் பெரியம்மையையோ அத்தையையோ கேட்க. அனைத்தையும் ஓர் அட்டையில் பென்சிலால் எழுதி, இயந்திரத்தின் சிறு இழுப்பறையில், உடைந்த ஊசிகளும் சாக்கட்டியும் கிடக்குமிடத்திலேயே வைத்து மூடுக. மை காலத்தால் மங்கும்; எண்ணெய் பட்டால் பரவும். பென்சில் நிற்கும்.