புனேயின் வானியல் கூடங்களில் நம் பிள்ளைகளுக்கு இடம் உண்டா?

மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் ஔண்டா நாகநாத் அருகே, ஈர்ப்பலைகளைக் கண்டறியும் நிலையம் ஒன்றை அமைக்க மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தது. செலவு சுமார் 2,600 கோடி ரூபாய். இவ்வளவு பணம் வானத்தைப் பார்ப்பதற்கா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். பணமும் நிலமும் மட்டும் இருந்தால் இப்படிப்பட்ட நிலையம் நடந்துவிடாது. அங்கு பதிவாகும் அளவுகளைப் படித்துப் பொருள் சொல்ல ஆட்கள் வேண்டும். அத்தகைய ஆட்களை உருவாக்கும் முக்கியமான இடங்களில் இரண்டு, நாம் குடியிருக்கும் புனேயிலேயே இருக்கின்றன.

கிர்க்கி தொழிற்சாலைக்கும் சிவாஜி நகருக்கும் தினமும் போய்வரும் நம்மவர்கள் பல்கலைக்கழகச் சந்திப்பை அறிவார்கள். அந்தப் பல்கலைக்கழக வளாகத்துக்குள்தான் மராத்தியர்கள் 'ஆயுகா' என்று அழைக்கும் வானியல், வான இயற்பியல் மையம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 1988-ல் இதை நிறுவியது. இது எந்த ஒரு பல்கலைக்கழகத்தின் தனிச் சொத்தும் அல்ல. நாட்டின் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவானது. முதல் இயக்குநராக இருந்தவர், 2025 மே மாதம் புனேயில் காலமான ஜயந்த் நார்லிகர்.

அதே வளாகத்தில் டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ரேடியோ வானியல் மையமும் இருக்கிறது. நாராயண்காவ் பக்கத்தில் கோடத் கிராமத்தில் நிற்கும் 30 ராட்சத வட்டில்கள் இதற்குச் சொந்தம். ஒவ்வொன்றும் 45 மீட்டர் குறுக்களவு கொண்டது. இந்த வேலைக்கு வித்திட்ட இடம் தமிழகம் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். கோவிந்த் ஸ்வரூப்பும் அவருடைய குழுவினரும் முதலில் உதகமண்டலத்து மலைச்சரிவில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை அமைத்தார்கள். அது 1970-ல் இயங்கத் தொடங்கியது. புனேக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

ஆயுகாவின் பெரிய அரங்கத்துக்குச் சந்திரசேகர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. மையத்தை 1992-ல் நாட்டுக்கு அர்ப்பணித்தவரும் அவரே. அவர் தஞ்சையிலோ திருச்சியிலோ பிறந்தவர் அல்லர். தந்தையார் ரயில்வே கணக்குத் துறையில் அதிகாரியாக லாகூரில் வேலை பார்த்தபோது, 1910-ல் அங்கே பிறந்தார். பிழைப்புக்காக வேற்று மாநிலம் போன தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைதான் அவரும். (அதிகாரி வீட்டுப் பிள்ளை, நாமோ குமாஸ்தாக்கள் என்று சொல்லலாம், அதுவும் நியாயம்தான்.) 1930-ல் அரசாங்க உதவித்தொகையில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். எரிபொருள் தீர்ந்து ஒடுங்கும் ஒரு விண்மீனின் நிறை, சூரியனைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேல் போனால் அது வெண்குறுமீனாக நிலைத்திருக்க முடியாது என்ற முடிவுக்கு அந்தப் பயணத்திலேயே வழி கண்டார். 1935-ல் எடிங்டன் போன்ற பெரியவர் சபையிலேயே அதை மறுத்துப் பேசினார். நோபல் பரிசு வந்தது 1983-ல்.

கோட்பாட்டு வான இயற்பியல் என்றால் என்ன என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் இல்லை. தொலைநோக்கி தேவையில்லை. காகிதமும் கணிதமும், இன்றைக்குக் கம்ப்யூட்டரும் போதும். கருந்துளைகள் மோதினால் எப்படிப்பட்ட அலை எழும், அண்டம் எப்படி விரிந்தது என்பவற்றைக் கணக்கிட்டுச் சொல்வது இவர்கள் வேலை. ஈர்ப்பலை 2015 செப்டம்பரில் முதன்முதலாகப் பிடிபட்டபோது, இரைச்சலுக்குள் அதை இனம் காணும் கணக்கு முறைகளை வகுத்தவர்களில் ஆயுகாவின் சஞ்சீவ் துரந்தரும் ஒருவர்.

இனி, நம் வீடுகளில் முதலில் எழும் கேள்விக்கு வருவோம். "எம்.எஸ்ஸி. முடித்த பிறகும் இன்னும் ஐந்தாறு வருஷம் படிக்க யார் பணம் கட்டுவது?" இந்தக் கேள்வியே தவறான கணக்கில் பிறந்தது. இத்தகைய நிலையங்களில் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்குச் சேருகிறவர் பணம் கட்டிப் படிப்பதில்லை. அவருக்குப் பணம் தருகிறார்கள். மத்திய அரசின் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரி 1 முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்துத் தகுதி பார்த்து 42,000 ரூபாய். விடுதி இல்லையென்றால் வீட்டு வாடகைப்படி தனி. அதற்கு முன் 31,000 ஆகவும் 35,000 ஆகவும் இருந்தது. நாடெங்கும் ஆராய்ச்சி மாணவர்கள் பலமுறை குரல் எழுப்பிய பிறகே உயர்ந்தது. மென்பொருள் கம்பெனிச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் பெரிதல்ல. ஆனால் குடும்பத்துக்குப் பாரமில்லை.

நுழைவது எப்படி? எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தவர்கள் மட்டுமல்ல, பி.இ., பி.டெக். படித்தவர்களுக்கும் வழி உண்டு. 'நெட்', 'ஜெஸ்ட்' போன்ற அகில இந்தியத் தேர்வுகளும், அதற்குப் பின் நேர்முகமும் உண்டு. எந்தத் தேர்வின் மதிப்பெண் ஏற்கப்படும் என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நேர்முகத்தில் மனப்பாடம் உதவாது. கரும்பலகையின் முன் நிறுத்தி, பட்டப் படிப்புக் காலத்து இயந்திரவியலிலும் மின்காந்தவியலிலும் கணக்குக் கொடுப்பார்கள். வழிகாட்டிப் புத்தகத்தை நம்பி எம்.எஸ்ஸி. தேறியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். சேர்ந்த பிறகும் முதல் ஆண்டு முழுக்க இரு மையங்களின் மாணவர்களுக்கும் பாடம், பரீட்சை.

இடங்கள் மிகக் குறைவு என்பதையும் மறைக்கக் கூடாது. நாடு முழுவதிலுமிருந்து விண்ணப்பிக்கிறார்கள். ஆண்டுக்கு மிகச் சிலரையே எடுக்கிறார்கள். பட்டம் வாங்கியதும் வேலை காத்திருக்கும் என்பதும் இல்லை. இரண்டு வருஷம் ஒரு நாடு, மூன்று வருஷம் இன்னொரு நாடு என்று தற்காலிகப் பணியில் அலைந்து, முப்பத்தைந்து வயதை ஒட்டி நிலையான வேலை கிடைத்தால் அதிர்ஷ்டம். கோட்பாட்டுத் துறையில் போட்டி இன்னும் கடுமை. தங்கையின் கல்யாணமும் ஊர்க் கடனும் தலைமேல் நிற்கிற வீட்டில் இது லேசான விஷயமல்ல. பையனோ பெண்ணோ விரும்பினால் பெற்றோர் இதையும் தெரிந்துகொண்டுதான் சம்மதிக்க வேண்டும். தெரியாமல் தடுப்பதுதான் கூடாது.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் காசு செலவில்லாத ஒரு வாய்ப்பு இருக்கிறது. பள்ளி நடக்கும் மாதங்களில் இரண்டாவது சனிக்கிழமை ஆயுகாவில் மாணவர்களுக்குச் சொற்பொழிவு நடத்துவது நெடுநாள் வழக்கம். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினத்தையொட்டிப் பொதுமக்களுக்கும் கதவு திறக்கிறார்கள். கல்லூரி மாணவர்களுக்குக் கோடை விடுமுறையில் ஆராய்ச்சிப் பயிற்சி உண்டு. அதில் நன்றாகச் செய்தவர்களைப் பின்னர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்வதும் உண்டு.

சான்றிதழ் விஷயத்தில் நம்மவர்கள் அடிக்கடி ஏமாறுகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து பிற்காலத்தில் குடிபெயர்ந்து வந்தவர்களுக்கு மகாராஷ்டிர மாநில இட ஒதுக்கீடு பொதுவாகக் கிடைப்பதில்லை. அதைக் கேள்விப்பட்டு, மத்திய அரசுத் தேர்வுகளிலும் பொதுப் பிரிவிலேயே விண்ணப்பித்துவிடுகிறார்கள். 'நெட்' மத்திய அரசுத் தேர்வு. தந்தையின் பூர்வீக மாநிலச் சாதிச் சான்று அங்கே செல்லும். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் எம்.எஸ்ஸி.யில் 55-க்குப் பதில் 50 சதவீதம் போதும். உதவித்தொகைக்கான வயது வரம்பிலும் சலுகை உண்டு. பிற்பட்ட வகுப்பினர் வருமான வரம்புக்கு உட்பட்டவர் என்ற சான்றையும் சேர்க்க வேண்டும். இவற்றை வாங்க ஊர்த் தாலுகா அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தால், விண்ணப்பத் தேதி அறிவித்த பிறகு லீவு கேட்டு ஓடாமல், தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போகும்போதே வேலையை முடித்துக்கொள்ளலாம்.