பொழுதுபோக்குக்கும் மார்க் கேட்பீர்களா?



காரங்காட்டில் நான் கயாக் ஓட்டும் படத்தைப் போட்டதும், "சார், இந்த வயசுல இது தேவையா?" என்று வரிசையாகக் கேட்டுவிட்டீர்கள். என் மைத்துனர் ஒருபடி மேலே போய், "செல்போன் இருக்கும்போது ஹாம் ரேடியோ எதுக்கு அத்தான்?" என்கிறார்.

2004 சுனாமியில் அந்தமானில் தொலைபேசி செத்துக் கிடந்தபோது, போர்ட் பிளேரிலிருந்து ஹாம் ரேடியோவில் செய்தி அனுப்பியவர் பாரதி பிரசாத். பொழுதுபோக்காக ரேடியோ பேசத்தான் அங்கே போயிருந்தார், மாப்பிள்ளை.

ஆனால் பயனைக் காட்டி வாதாட எனக்கு இஷ்டமில்லை. சுனாமியே வராவிட்டாலும் பேசுவேன். 40 மீட்டர் அலைவரிசையில் இருட்டியதும் தூரத்துக் குரல்கள் ஒவ்வொன்றாக வரும். பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு அலையை விழுங்கிவிடும். இரவில் அந்த அடுக்கு கரைந்துபோகும். வளிமண்டல அடுக்குகள் என்று கரும்பலகையில் வரைந்தேனே, அது இப்போது காதில் கேட்கிறது! கயாக்கும் அப்படித்தான். மோட்டார் படகுச் சத்தத்துக்குக் கொக்கு பறந்துவிடும். அலையாத்திக்குள் துடுப்பை நிறுத்திப் பாருங்கள், பக்கத்திலேயே நிற்கும்.

என் கோபம் வேறு. உங்கள் பிள்ளைகளுக்கு செஸ், அபாகஸ், கீபோர்டு எல்லாமே சர்டிபிகேட்டுக்கு. 12 வயதிலேயே ஹாம் தேர்வு எழுதலாம் என்றேன். "மெடிக்கல் சீட்டுக்கு உதவுமா சார்?" என்கிறான் ஒருவன். உதவாது ராஜா. அதனால்தான் சொல்கிறேன்.

ஆசைப்படும் பிள்ளைகளை ஞாயிறு காலை வீட்டுக்கு அனுப்புங்கள். தேர்வுக்கு நானே சொல்லித் தருகிறேன். கயாக்குக்கு வருபவர்கள் லைஃப் ஜாக்கெட் போட மறுத்தால், யார் வீட்டுப் பிள்ளையானாலும் ஏற்றமாட்டேன்.