காலி நாற்காலியை படம் எடுத்தால் அடி-உதை! ஓட்டு எண்ணி முடிந்தாலும் தீராத உள்ளூர் நிருபர்களின் பயம்

தேர்தல் வந்துவிட்டால் ஊரெங்கும் திருவிழாதான். மைக் செட்காரருக்கு வேலை, பந்தல்காரருக்கு வேலை, பிரியாணி மாஸ்டருக்கு வேலை. இன்னொரு ஆளுக்கும் ராத்திரி பகல் தூக்கம் போய்விடும். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் கேமரா பை, பழைய டூவீலர்... அவர்தான் உள்ளூர் நிருபர்.

எந்த கட்சி கூட்டம் நடந்தாலும் முதல் ஆளாக போய் நிற்பது அவர்தான். கைகலப்பு என்றால் முதல் அடி வாங்குவதும் பல நேரம் அவர்தான்.

2019 நாடாளுமன்ற தேர்தல் நேரம். ஏப்ரல் 6-ந் தேதி விருதுநகரில் காங்கிரஸ் பிரசார கூட்டம் நடந்தது. கூட்டத்தில் பல நாற்காலிகள் காலியாக கிடந்தன. வார பத்திரிகை புகைப்படக்காரர் ஒருவர் அந்த காலி நாற்காலிகளை படம் எடுத்தார். அவ்வளவுதான்! கட்சி தொண்டர்கள் அவரை சூழ்ந்துகொண்டு தாக்கினார்கள்.

இதில் ரகசியம் என்ன இருக்கிறது? கூட்டத்துக்கு வந்த அத்தனை பேர் கண்ணுக்கும் தெரிந்த நாற்காலிதான். கண்ணில் பட்டால் தப்பில்லை, கேமராவில் பட்டால்தான் தப்பு!

காரணம் இதுதான். எந்த கட்சியாக இருந்தாலும் ஆள் திரட்டும் பொறுப்பு உள்ளூர் புள்ளி ஒருவரிடம்தான் இருக்கும். மறுநாள் பேப்பரில் காலி நாற்காலி படம் வந்தால், மேலிடத்தில் அவர் கதை கந்தல். அந்த ஆத்திரம் அவரிடம் கணக்கு கேட்கும் தலைவர் மேல் பாயாது. எதிரே கேமராவோடு நிற்கிற, கேட்க நாதியில்லாத ஆள் மேல்தான் பாயும்.

வேன் போய்விடும், வீடு எங்கே போகும்?

தேர்தல் செய்தி சேகரிக்க இரண்டு வகை ஆட்கள் வருகிறார்கள். ஒன்று, தலைநகரில் இருந்து வேனில் வரும் டி.வி. குழு. இன்னொன்று, அதே ஊரில் குடியிருக்கும் நிருபர். வெளியூர்க்காரருக்கு வழி தெரியாத ஆபத்து என்றால், உள்ளூர்க்காரருக்கு வீடு தெரிந்த ஆபத்து.

முதல் ஆபத்துக்கு உதாரணம் சத்தீஸ்கர். 2018 சட்டசபை தேர்தல் செய்திக்காக டெல்லியில் இருந்து தூர்தர்ஷன் குழு ஒன்று தண்டேவாடா மாவட்டத்துக்கு போனது. அக்டோபர் 30-ந் தேதி அரன்பூர் பகுதியில் போலீசாருடன் மோட்டார் சைக்கிளில் போனபோது மாவோயிஸ்டுகள் சரமாரியாக சுட்டனர். கேமராமேன் பலியானார். போலீசாரும் உயிரிழந்தனர். குண்டு பாயும் நேரத்தில் தரையில் படுத்தபடி, குழுவில் இருந்த இன்னொருவர் தன் அம்மாவுக்கு செல்போனில் பேசி பதிவு செய்த வீடியோ நாட்டையே உலுக்கியது.

பத்திரிகையாளர்களை குறிவைக்கவில்லை என்று மாவோயிஸ்டுகள் பிறகு அறிக்கை விட்டார்கள். போன உயிர் திரும்பவா போகிறது? ஆனால் அந்த சம்பவம் ஒரு பாடம் சொன்னது. யார் வண்டியில் ஏறுகிறோமோ, எதிராளி கண்ணுக்கு அவர் ஆளாகத்தான் தெரிவோம். இது காட்டுக்கு மட்டும் அல்ல, நம்ம ஊர் வேட்பாளரின் காருக்கும் பொருந்தும். "பெட்ரோல் மிச்சம்தானே" என்று ஒரு கட்சியின் பிரசார வண்டியில் தொற்றிக்கொண்டு போகும் நிருபரை, அடுத்த தெருவில் எதிர்க்கட்சிக்காரன் எப்படி பார்ப்பான்?

யாழ்ப்பாணத்தில் நடந்தது

இரண்டாவது ஆபத்துதான் கொடியது. அது ஓட்டுப்பதிவோடு முடிவதில்லை.

இலங்கையில் 2000-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி நாடாளுமன்ற தேர்தல் நடந்தது. யாழ்ப்பாணத்தில் நடந்த ஓட்டு மோசடி, மிரட்டல் பற்றி செய்தி கொடுத்தவர் மயில்வாகனம் நிமலராஜன். பி.பி.சி., வீரகேசரி என்று பல இடங்களுக்கு செய்தி அனுப்பிய உள்ளூர் நிருபர்.

தேர்தல் முடிந்து 9 நாள் ஆகிவிட்டது. அக்டோபர் 19-ந் தேதி இரவு, ஊரடங்கு நேரம். ராணுவ பாதுகாப்பு பலமாக இருந்த பகுதியில்தான் வீடு. உள்ளே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவரை ஜன்னல் வழியாக சுட்டுக்கொன்றார்கள். வீட்டுக்குள் கையெறி குண்டும் வீசப்பட்டது. குடும்பத்தாரும் காயம் அடைந்தனர். இந்த கொலைக்காக ஒருவர் கூட தண்டனை பெறவில்லை.

ஊரடங்கு நேரத்தில், ராணுவ காவலை தாண்டி கொலைகாரர்கள் எப்படி வந்தார்கள், எப்படி போனார்கள்? அந்த கேள்விக்கு கடைசி வரை பதில் கிடைக்கவில்லை.

ஆபீசில் இருந்தவர்களும் தப்பவில்லை

களத்துக்கு போகாதவர்களாவது தப்பினார்களா? அதுவும் இல்லை. மதுரையில் 2007 மே 9-ந் தேதி, அரசியல் வாரிசு யார் என்ற கருத்துக்கணிப்பை வெளியிட்டதற்காக தினகரன் அலுவலகம் தாக்கப்பட்டது. பெட்ரோல் குண்டு வீசி தீ வைத்தார்கள். 3 ஊழியர்கள் பலியானார்கள்.

செத்தவர்கள் யாரும் அந்த கணிப்பை எழுதியவர்கள் இல்லை. 2 பேர் கம்ப்யூட்டர் பிரிவு என்ஜினீயர்கள், ஒருவர் காவலாளி. வேலைக்கு வந்தவர்கள், வீடு திரும்பவில்லை. 2009-ல் கீழ்க்கோர்ட்டு குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுதலை செய்தது. 2019 மார்ச் மாதம்தான் ஐகோர்ட்டு மதுரை கிளை 9 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. நியாயம் கிடைக்க ஏறக்குறைய 12 வருஷம்!

தேர்தல் இல்லாத நாளிலும் கதை இதுதான். 2024 ஜனவரியில் பல்லடம் அருகே டி.வி. நிருபர் ஒருவரை மர்ம ஆட்கள் பின்தொடர்ந்தனர். அவர் போலீசுக்கு போன் மேல் போன் போட்டார். உதவி வருவதற்குள் அரிவாளால் வெட்டிவிட்டார்கள். படுகாயத்துடன் உயிர் தப்பினார்.

பாஸ் இருந்தால் போதுமா?

தேர்தல் கமிஷன் தரும் அனுமதி கடிதம் இருந்தால்தான் வாக்குச்சாவடிக்குள் நிருபர் போக முடியும். கலெக்டர் ஆபீசில் மக்கள் தொடர்பு அதிகாரி மூலம் இது வாங்கப்படுகிறது. மாவட்ட தலைநகரில் இருக்கும் நிருபருக்கு சுலபமாக கிடைக்கும். தாலுகாவில், ஒன்றியத்தில் ஓடுகிற பகுதிநேர நிருபருக்கு பல நேரம் கிடைப்பது இல்லை. ஆனால் தகராறு நடப்பது அவர் ஊர் பூத்தில்தான்!

பாஸ் இருந்தாலும் விதிமுறை தெரியாவிட்டால் சிக்கல்தான். ஓட்டு போடுவதை, எந்த பட்டன் அழுத்துகிறார் என்பதை படம் எடுக்க கூடாது. ஓட்டு எண்ணும் அறைக்குள் செல்போனுக்கு தடை. கேமராவை ஸ்டாண்டு போட்டு நிறுத்த கூடாது, எந்திரத்தில் தெரியும் எண்ணிக்கையை படம் பிடிக்க கூடாது. தடை காலத்தில் 'எக்சிட் போல்' வெளியிட்டால் 2 வருஷம் வரை ஜெயில் தண்டனை உண்டு. "இந்த பூத்தில் இவருக்குத்தான் ஓட்டு விழுது" என்று ஓட்டு போட்டவர்களிடம் கேட்டு அவசரப்பட்டு போடும் நிருபர், அடி வாங்காமலே கம்பி எண்ண வேண்டியிருக்கும்.

ஊரார் ஓட்டை எல்லாம் எழுதுகிற நிருபர், தன் ஓட்டை போட நேரமில்லாமல் விட்ட காலமும் உண்டு. 2024 நாடாளுமன்ற தேர்தலில் அனுமதி கடிதம் பெற்ற பத்திரிகையாளர்களுக்கு தபால் ஓட்டு வசதி கொடுக்கப்பட்டது. அதுவும் கடிதம் வைத்திருந்தவர்களுக்கு மட்டும்தான்.

அனுபவசாலிகள் செய்வது என்ன?

களத்தில் பல தேர்தல் பார்த்த நிருபர்கள் சில விஷயங்களை விடாமல் கடைப்பிடிக்கிறார்கள். கூட்டத்தில் மேடைக்கும் தொண்டர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாமல் ஓரமாக, வெளியே போகும் வழி பக்கம் நிற்பார்கள். வண்டியை ரோட்டை பார்த்து நிறுத்துவார்கள். கல்வீச்சு தொடங்கினால் ஹெல்மெட்டை கழற்ற மாட்டார்கள். படம் எடுத்ததும் ஆபீசுக்கு அனுப்பிவிடுவார்கள். கேமராவை பிடுங்கினாலும் படம் தப்பிவிடும்.

பண பட்டுவாடா நடக்கிறது என்று தகவல் வந்தால் நடுராத்திரியில் தனியாக அந்த தெருவுக்கு போவதில்லை. போட்டி பேப்பர்காரராக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு ஆளை சேர்த்துக்கொண்டு, பறக்கும் படைக்கு தகவல் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். போட்டி எல்லாம் செய்தியில்தான், அடிதடியில் இல்லை.

சட்டம் யாருக்கு?

மராட்டிய மாநிலத்தில் 2017-ல் பத்திரிகையாளர் பாதுகாப்பு சட்டம் நிறைவேறியது. தாக்கினால் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். டி.எஸ்.பி. அந்தஸ்துக்கு குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். சத்தீஸ்கர் சட்டசபையும் 2023-ல் இப்படி ஒரு மசோதாவை நிறைவேற்றியது. தமிழ்நாட்டுக்கும் தனி சட்டம் வேண்டும் என்பது பத்திரிகையாளர் சங்கங்களின் நீண்டநாள் கோரிக்கை.

ஆனால் மராட்டிய சட்டத்தில் ஒரு சங்கதி இருக்கிறது. பத்திரிகை வேலையே முக்கிய தொழிலாக கொண்டு, நிறுவனத்தில் நிரந்தரமாகவோ ஒப்பந்தத்திலோ வேலை பார்ப்பவரைத்தான் அது பத்திரிகையாளர் என்கிறது. காலையில் ஜெராக்ஸ் கடை, சாயங்காலம் செய்தி என்று ஓடுகிற, செய்திக்கு இவ்வளவு படத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிற தாலுகா நிருபர் இதில் வருவாரா? அவர் கையில் வேலை உத்தரவும் கிடையாது, சம்பள ரசீதும் கிடையாது. அடிபட்டால் ஆஸ்பத்திரி செலவு அவர் பாக்கெட்டில் இருந்துதான். பட்டாசு ஆலையிலும் கட்டிட வேலையிலும் தினக்கூலிக்கு ஓடுகிறவர்களுக்கு இந்த கஷ்டம் புதிதல்ல.

தமிழ்நாட்டில் சட்டம் வந்தால், ஆபத்து அதிகம் உள்ள அந்த ஆளுக்குத்தான் முதலில் பாதுகாப்பு வரவேண்டும். அதற்கு முன்னால் நிறுவனங்களே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. தேர்தல் வேலைக்கு அனுப்பும் ஒவ்வொரு நிருபருக்கும் பேர் போட்ட கடிதம், விபத்து காப்பீடு, ராத்திரியில் போன் போட்டால் எடுக்க ஆபீசில் ஒரு ஆள். இதற்கு பெரிய செலவு ஆகாது.

அடுத்த தேர்தல் கூட்டத்திலும் காலி நாற்காலி இருக்கத்தான் செய்யும். அதை படம் எடுக்க ஒரு ஆள் வருவாரா, இல்லை "நமக்கு ஏன் வம்பு" என்று கேமராவை பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பி விடுவாரா? அவர் திரும்பிவிட்டால், "கூட்டம் அலைமோதியது" என்று கட்சிக்காரர் கொடுக்கும் அறிக்கைதான் மறுநாள் பேப்பரில் வரும். காசு கொடுத்து வாங்கி படிப்பது வாசகர்கள்தான்!